எர்த் இல்லாத வீடு

அந்த இரைச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையர் அது. ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் சும்மா உட்கார்ந்தாலே, கொழுத்த ஈ ஒன்று காதுக்குள் புகுந்த மாதிரி ஒரே 'உர்ர்'. சீ என்று கழற்றி எறியத் தோன்றும்.

இரைச்சலைவிட என்னை அரித்தது வேறொன்று. பாதி ஆயுளை நூல் மில்லில் கழித்தவன் நான். கூட வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இன்று காது மந்தம். ஆக, இந்தச் சத்தம் பெட்டிக்குள் இருக்கிறதா, என் காதுக்குள்ளேயே இருக்கிறதா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீர்ப்புச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தாள். மாதா கோயில் பாடற்குழுவில் முதல் குரல் என் மனைவியுடையது. ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"சத்தமே இல்லையே. மில்லு இரைச்சல்தான் காதுல தங்கிருச்சு போல. நீங்களா பெட்டியக் குத்தஞ் சொல்லிக்கிட்டு இருக்கீக" என்றாள்.

அவள் காதை நான் சந்தேகிக்கவில்லை. கோயிலுக்குப் புதிதாக வந்த கீபோர்டுக்காரர் ஒருவர்தான், அவள் சுருதி விலகிப் பாடுவதாக எல்லார் முன்னாலும் முகம் சுளித்திருந்தார். அவள் அழுதுகொண்டு வந்தபோது, கட்டையை அமுக்குகிறவனுக்கெல்லாம் சுருதியைப் பற்றி என்ன தெரியும் என்று நான்தான் அவரைக் கரித்துக்கொட்டினேன்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கண்டென்சரை மாற்றினேன். வால்வுக்குப் போகும் ஒயர்களை முறுக்கி ஓரமாக ஒதுக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். ம்ஹூம். பெட்டியின் தகட்டில் கை வைத்தால் கொஞ்சம் அடங்கும், எடுத்தால் மறுபடி உர்ர். வெறுத்துப் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். அங்கே மாட்டினால் அப்படியொரு அமைதி. அப்பாடா, என் காது நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு வீட்டில்.

நாங்கள் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று அவர்களுக்கே தெரியாது. வருஷம் ஒருமுறை படைப்புக்குக் கூடி முன்னோரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

பிளக்கில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தேன். எர்த் செத்துக் கிடந்தது. கிணற்றடியில் எர்த் குழியைத் திறந்தால், ஒயர் நறுக்கிவிடப்பட்டு அந்தரத்தில் தொங்குகிறது. அடியில் புதைத்திருந்த செம்புத் தகட்டைக் காணோம். பங்காளிகள் வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினேன்.

"படைப்புக்கு வந்தவுகள்ல ஒருத்தருதான் தோண்டி எடுத்தாக. பழைய சாமான் கடைக்காரரும் கூட வந்திருந்தாக. நான் சொன்னேன்னு அங்குட்டுப் போய்ச் சொல்லிறாதீக" என்றார்.

த்தூ. கதவை விற்றார்கள், தூணை விற்றார்கள், மண்ணுக்குள் கிடந்ததையும் விட்டுவைக்கவில்லை. கும்பிட்ட கையோடு தோண்டியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இழுத்ததும் இதனால்தான். யாராவது செத்துத் தொலைந்திருந்தால் யார் பொறுப்பு? சொந்த வீட்டையே கொத்தித் தின்கிற இந்த மனுஷர்களை நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

யார் சம்மதத்தையும் கேட்காமல் எலெக்ட்ரீஷியனை வைத்துப் புது எர்த் இறக்கினேன். இரைச்சல் துடைத்துவிட்ட மாதிரி போயிற்று. ஜெயித்துவிட்ட மிதப்பில் மனைவியைக் கூப்பிட்டு, என் காதுக்கு ஒன்றுமில்லை, இப்போது எவ்வளவு அமைதி பார் என்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

"அன்னைக்கும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றாள்.

பழைய இரைச்சலைத் திரும்ப வரவழைத்துப் பார்த்துவிட நினைத்தேன். எர்த் முள் இல்லாத பழைய எக்ஸ்டென்ஷனில் பிளக்கை மாற்றிச் செருகினேன். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த உர்ர், பக்கத்தில் குனிந்து நின்ற எனக்கே கேட்டது. கேட்கிறதா என்று சைகையில் கேட்டேன். இல்லையென்று சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கீபோர்டுக்காரரு சொன்னது நெசந்தானா?" என்று கேட்டாள்.