ஈரல் பிழைத்தது, உதிரம் நிற்கவில்லை

என் வயிறு வீங்கியபோது எங்கள் சபைப் பெண்கள் அதைக் கர்ப்பம் என்று நினைத்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தை இல்லாதவள் நான். மாதவிலக்கு நின்று பல மாதம் ஆகியிருந்தது. அறுப்பின் பண்டிகை அன்று ஆலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் நம்பினேன். வயிற்றைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "இது கொழந்த இல்லம்மா, தண்ணி. உன் ஈரல் கெட்டுப்போயிருக்குது" என்றார்.

என் பெயர் சாந்தி. ஆரணியில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். என் கணவர் டேனியல் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். அவர் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு இவர் ஒரே பிள்ளை.

சென்னைக்குப் போனோம். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் ஈரலை எதிரியாக நினைத்து அழித்துவிட்டது, மருந்தால் இனி ஆகாது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். ஈரல் கெட்டது என்றாலே குடிதான் என்று ஊர் நினைக்கிறது. நான் குடித்ததில்லை என்பதை விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மாதவிலக்கு ஏன் நின்றது என்று கேட்டேன். ஈரல் இந்த அளவுக்குக் கெட்டால் ஹார்மோன் எல்லாம் தாறுமாறாகி அதுவும் நின்றுபோகும் என்றார்கள். குழந்தை உண்டாகிவிட்டது என்று நான் ஸ்தோத்திரம் சொன்ன அந்த மாதங்களில் என் உடம்பு செத்துக்கொண்டிருந்தது.

கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவரிடமிருந்து எடுக்க முடியாது. ஆண்டவரே, ஒரு வழி காட்டும் என்று அழுதேன். என் கணவரின் ரத்தம் பொருந்தியது. அவர் யோசிக்கவே இல்லை. ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன். தன் ஈரலில் பாதிக்கு மேல் எனக்குக் கொடுத்தார். எனக்கு நினைவு வந்து, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, நர்ஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சில நாளில் என் கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார்.

சாட்சியை இங்கே முடித்துவிடலாம். சபையில் அப்படித்தான் முடிக்கச் சொன்னார்கள். ஆனால் எனக்கு அங்கே முடியவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில் மாதவிலக்கு திரும்பி வந்தது. குளியலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். அத்தைக்குத் தெரிந்ததும் கேசரி கிண்டினார். அடுத்த செக்கப்பில் கேட்டபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று வயிற்றுப் பிள்ளையை ஊனமாக்கிவிடும், இப்போதைக்குக் கர்ப்பம் கூடவே கூடாது, ஈரல் நிலையாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அதை அத்தையிடம் சொன்னோம்.

"என் புள்ள வயித்தக் கிழிச்சி ஈரல குடுத்துட்டு படுத்துனு கெடந்தான். நீ ஒரு புள்ளய பெத்துக் குடுக்கறதுக்கு டாக்டர கேட்டுகினு இருக்கியா?"

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு உதிரம் நிற்கவே இல்லை. ஒரு மாதம் வந்தது அடுத்த மாதத்தோடு சேர்ந்துகொண்டது. கட்டி கட்டியாகப் போனது. வகுப்பில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினேன். அத்தையிடம் சொன்னபோது, "வரலன்னு அழுத. இப்ப வந்தா நிக்கலன்னு அழுவற. பேஜாரு புடிச்ச பொம்பள" என்றார். செக்கப்பில் களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஈரல் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். அத்தனை ஆண் டாக்டர்கள் நடுவில் மீதியைச் சொல்ல எனக்குக் கூச்சம். அவர்களும் கேட்கவில்லை.

போளூர்ப் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அத்தை என்னை அழைத்துப் போனார். அங்கே பிரசங்கம் செய்தவர் என் தலையில் கை வைத்து, விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து, கர்ப்பம் திறக்கும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைலேர்ந்து இது வேணாம்."

"அத்தை, அத நிறுத்துனா செத்துப்போறது உங்க புள்ள குடுத்த ஈரல்" என்றேன்.

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். என் கணவர் அங்கேதான் இருந்தார். அன்றைக்கும் பேசவில்லை. ஈரலையே கொடுத்த மனிதரால் எனக்காக ஒரு வார்த்தை கொடுக்க முடியவில்லை. அவர் ஈரலால் உயிரோடு இருந்துகொண்டு அவரையே வெறுத்தேன். அந்த நாட்களில் நான் குழந்தை கேட்டு ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, இந்த வீட்டில் எனக்காக யாராவது வாயைத் திறக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. உதிரம் சேலையை நனைத்துப் பெஞ்சுவரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அத்தை முழங்கையால் இடித்தார். பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். காது அடைத்தது, கண் இருட்டியது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் எழுந்து, நடுவழியைக் கடந்து, பெண்கள் வரிசைக்குள் வந்தார். "எழுந்திரு சாந்தி, நான் பின்னாலயே வரேன்" என்றார். எழுந்தேன். என் முதுகோடு ஒட்டியபடி வாசல்வரை நடந்து வந்தார். கறை யார் கண்ணிலும் படாதபடி அவர் உடம்பே மறைத்தது.

கேட்டருகே அத்தை ஓடிவந்தார். "திருவிருந்த உட்டுட்டு எங்கடா கெளம்பிட்ட? மானம் போவுது."

"மா, இவளுக்கு ரத்தம் போயிகினே இருக்குது, நீ மானத்தப் பாக்கற. ஈரல் குடுத்தது நான். அதுக்குப் பதிலா இவகிட்ட நான் எதுவும் கேக்கல. நீயும் கேக்காத. இனிமே அந்த மாத்திர டப்பாவத் தொடாத."

அவர் சத்தம் போடவில்லை. ஜெபத்துக்குப் பதில் வந்ததை ஆலய வாசலில் நின்று என் காதால் கேட்டேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்த நிமிடமே ஆண்டவரிடம் கேட்கவும் செய்தேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் மிகவும் குறைந்துபோய், வெளியிலிருந்து ஏற்றினார்கள். பெண்கள் டாக்டர், "இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஈரல் மாற்றிய பின் மாதவிலக்கு சில மாதங்களில் திரும்பும். சிலருக்கு ஒழுங்காக வரும், சிலருக்கு முன்பின்னாக வரும், சிலருக்கு என்னைப்போல் அதிகமாகப் போகும். அதைச் சகித்துக்கொண்டு இருக்கக் கூடாது, மருத்துவம் உண்டு. கருப்பைச் சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஹார்மோன் சுரக்கும் ஒரு சின்னக் கருவியைக் கருப்பைக்குள் வைத்தார்கள். உதிரம் மெல்லக் குறைந்தது. இப்போது துளியாகக் காண்பதோடு சரி. குழந்தையைப் பற்றிப் பின்னால் ஈரல் டாக்டரும் தானும் கலந்து பேச வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை.

அத்தை போளூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்த நிலைமையில் கோயிலுக்கு வந்திருக்கக் கூடாது என்று சபையில் ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவரைப் பார்த்தால் இன்னும் எனக்கு உள்ளே எரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

ஆனாலும் உயிரோடு இருக்கிறேன். நின்றபடியே பாடம் நடத்துகிறேன். வீட்டில் என் கணவர் இப்போது பேசுகிறார். செக்கப்புக்குக் கூடவே வந்து, நான் தயங்கினால், "மாசமாசம் எப்பிடி இருக்குதுன்னும் சொல்லு" என்று டாக்டர் எதிரிலேயே சொல்கிறார். இவை எல்லாவற்றுக்காகவும் ஆண்டவரைத் துதிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு துதிக்கிற நாளும் உண்டு.

சகோதரிகளே, உங்கள் உடம்பில் நடப்பதை ஆண்டவரிடம் மறைக்காதீர்கள், டாக்டரிடமும் மறைக்காதீர்கள். ஜெபம் செய்கிறவள் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. மனதில் கசப்பு இருந்தால், அது தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கசப்போடேயே ஆண்டவரிடம் வாருங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் தள்ளவில்லை.