அளவு அக்கா எடுத்த லீவு

மூன்று பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளும் அவரை ‘அளவு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. இரண்டு மிஷின், ஓரம் அடிக்கத் தனியாக ஒரு மிஷின், சுவரை ஒட்டி நீளமாக ஒரு வெட்டு மேஜை, அதன் அடியில் துண்டுத் துணி மூட்டை. வருடத்துக்கு அறுநூறு செட் சீருடை அந்த அறையிலிருந்து வெளியே போகும். பரீட்சை முடிந்த மறுநாள் அளவெடுத்தால், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் வரை மிஷின் ஓயாது.

ஆக, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு விடும்போது அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் குடும்பத்தோடு எங்கேயும் போனதில்லை. கணவருக்கு மருந்துக்கடையில் வேலை. கேட்டால் லீவு கிடைக்கும். கிடைத்து என்ன செய்ய? பன்னிரண்டு வயது மகளும், வீட்டில் ‘சுண்டு’ என்று அழைக்கப்படும் எட்டு வயது மகனும் துணி மூட்டைமேல் படுத்துக் கதைப் புத்தகம் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், தரையில் சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குவார்கள். ஏழு வாரமும் இப்படியே ஓடிவிடும்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு நாள் மாலை சுண்டுவின் வகுப்பு டீச்சர், ஒரு சட்டையை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுப்பதற்காக வந்தார்.

“கப்பல் பயணம் எப்படி இருந்துச்சு? உங்க வீட்டுக்காரர் தண்ணில விழுந்துட்டாராமே, பாவம்!”

அளவு அக்காவின் வாயில் அப்போது இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுக்கிற சாக்கில் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. மூலையில் சுண்டு தலையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஆமா டீச்சர். இப்போ பரவாயில்ல.”

“கேப்டனே குதிச்சுக் காப்பாத்தினாருன்னு உங்க பையன் எழுதியிருந்தானே?”

“தங்கமான மனுஷன்” என்றார் அளவு அக்கா.

டீச்சர் படியிறங்கியதும் சட்டைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது.

“ஏண்டா அப்படி எழுதின?”

“போன பெரிய லீவுல என்ன பண்ணினேன்னு ஒரு பக்கம் எழுதச் சொன்னாங்கம்மா. ஊசி பொறுக்கினேன்னு எழுதிப் பார்த்தேன். மூணு வரிக்கு மேல வரல.”

“அதுக்காக அப்பாவத் தண்ணில தள்ளுவியா?”

“பக்கம் ரொம்பணும்ல?”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மிஷினில் உட்கார்ந்த பிறகு அந்த மூன்று வரி என்னவோ செய்தது. அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், “வர்ற லீவுல நாம எங்கயாவது போறோம்” என்றார்.

கணவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. “யாரு, நாமளா?”

“நாமதான்.”

“எப்போ?”

“அதத்தான் யோசிக்கணும்.”

யோசித்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. அளவைப் பரீட்சைக்கு முன்பே எடுத்துவிட்டால் தையலை முன்னதாக ஆரம்பிக்கலாம். பெரிய பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இப்போ அளவெடுத்தா, ஸ்கூல் தொறக்கிறப்போ பாதிப் பேரு வளந்து நிப்பாங்க. பெத்தவங்க எல்லாரும் என் ரூம் வாசல்லதான் வந்து கத்துவாங்க.”

நியாயமான பேச்சு. அளவு அக்கா பள்ளியிலிருந்து திரும்பினார். வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினார். மொத்தம் பதினோரு வருடத்து நோட்டுகள். ஒவ்வொரு பிள்ளையும் முதல் வகுப்பிலிருந்து வருடா வருடம் எவ்வளவு வளர்ந்தது என்பது அவற்றில் இருந்தது. கணக்கில் கெட்டிக்காரியான மகள் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் கூட்டிக் கழித்ததில் விஷயம் பிடிபட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பாவாடையும் கால்சட்டையும் மூன்று மாதத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கேட்பதில்லை. அடிமடிப்பில் கொஞ்சம் துணி கூடுதலாக விட்டால் போதும். வம்பு பண்ணுவது எட்டாம் வகுப்புப் பையன்கள்தான்.

“அம்மா, இவன் ஒரே வருஷத்துல நாலு அங்குலம்! இவங்க வீட்ல என்னதான் போடறாங்க?”

“அவங்கள விட்டுடு. எட்டாம் வகுப்புப் பசங்கள ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின வாரம் பார்த்துக்கலாம்.”

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனார். தலைமை ஆசிரியை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது எங்க பையன்தானே? இடுப்பு பதினெட்டா? இவ்வளவு குட்டியாவா இருந்தான்?”

அவர் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, “எடுத்துக்கோங்க அளவு. வாசல்ல வந்து கத்தினா நான் பார்த்துக்கறேன்” என்றார். மற்ற இரண்டு பள்ளிகளும் இதைக் கேட்டுவிட்டுச் சரி என்றன.

பரீட்சை முடிந்தபோது பாதிக்குமேல் தைத்து அடுக்கியாகிவிட்டது. லீவின் மூன்றாம் வாரத்தில் ஐந்து நாள் கையில் நின்றது.

அப்புறம்தான் பெரிய வேலை ஆரம்பித்தது: எங்கே போவது? மகள், துணி வெட்ட மாதிரி வரையும் பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டினாள். ஆளுக்கு ஒரே ஒரு ஆசைதான் சொல்லலாம், மற்றவர்கள் அதைக் கிண்டல் பண்ணக் கூடாது என்று சட்டம் போட்டாள். அவளுக்குப் படகில் தன் கையாலேயே துடுப்புப் போட வேண்டும். கணவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எழுப்பாத தூக்கம் என்றார். சுண்டுவுக்குக் கப்பல்.

“நீ சொல்லும்மா.”

“‘எப்போ ரெடியாகும்?’னு என்னை யாரும் கேக்கக் கூடாது.”

கடல் தூரம், போக வர இரண்டிரண்டு நாள் ஆகிவிடும். ஆறு மணி நேரப் பயணத்தில் மலைமேல் ஒரு ஏரி இருந்தது. அங்கே வாடகைப் படகும் உண்டு, அக்கரைக்குப் போய்வர இரண்டடுக்குப் பயணிகள் படகும் உண்டு. அது கப்பலா இல்லையா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது.

“ஹாரன் அடிக்குமா?” என்று கேட்டான் சுண்டு.

கணவர் விடுதிக்குப் போன் போட்டார். அறை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் ஹாரனைப் பற்றிக் கேட்டார். அடிக்குமாம்.

“அப்போ கப்பல்தான்” என்று தீர்ப்பானது.

ஒரு நாளைக்கு ஓர் இடம்தான், மீதி நேரம் சும்மா இருப்பது என்று மகள் எழுதினாள். அவரவர் பை அவரவர் தோளில். கணவர் எடுத்துவைத்த மருந்துப் பை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. “நாலு பேருக்கா, ஒரு வார்டுக்கா?” என்று கேட்டு அளவு அக்கா பாதியை வெளியே எடுத்தார். சுண்டுவின் பையில் துணியே இல்லை. ஏழு கார்களும் ஒரு காந்தமும் இருந்தன. சரி, இவனுக்குத் துணி எடுப்போம் என்று அலமாரியைத் திறந்து ஒரு கால்சட்டையைப் போடச் சொன்னார். தொடை பாதிக்கு வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. அவர் நோட்டுகளைப் புரட்டினார். ஊரில் அத்தனை பிள்ளைகளின் அளவும் இருந்தது, கண்மதிப்பிலேயே தைத்துப்போட்ட, தான் பெற்ற இரண்டின் அளவு மட்டும் இல்லை.

“நில்லுடா நேரா” என்றார். அறுபது பேரின் துணி காத்திருக்க, மேஜையை ஒதுக்கிவிட்டு அவனுக்கு மூன்று கால்சட்டைகள் தைத்தார். மகளுக்கு இரண்டு பக்கமும் பை வைத்த ஒரு பாவாடை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னப் பள்ளியிலிருந்து ஆள் வந்தார். காலர் நிறத்தை மாற்றியிருக்கிறார்களாம், உடனே ஆரம்பிக்க வேண்டுமாம். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அளவு அக்கா, “சரிங்க, பார்த்துடலாம்” என்பார். மகளும் சுண்டுவும் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“திங்கட்கிழமை வாங்க.”

“அதுவரைக்கும் எப்படிங்க?”

“நாங்க டூர் போறோம்.”

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “ஓ, அப்படியா? நல்லபடியா போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு சுலபமா என்று அளவு அக்காவுக்கே நம்ப முடியவில்லை.

ஏரியில் முதல் நாள் மகள் துடுப்புப் போட்டதில் படகு வட்டமடித்தே அரைமணி நேரம் போனது. இரண்டாம் நாள் பயணிகள் படகு. ஹாரன் அடித்தபோது சுண்டு காதைப் பொத்திக்கொண்டு கத்திய கத்தலில் ஹாரனே கேட்கவில்லை. கணவரை மட்டும் கம்பி ஓரம் போகவிடாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. மலையுச்சிக்குப் போகும் திட்டம் அப்படியே நின்றது. அளவு அக்கா கண் விழித்தபோது மணி பத்தரை. பக்கத்துக் கட்டிலில் மூவரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தம் வராமல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் யாரும் எழுப்பல?”

“நீ தூங்கி நாங்க பார்த்ததே இல்லம்மா” என்றாள் மகள். “அதான் பார்த்துட்டு இருந்தோம்.”

“சரி, நகருங்க. எனக்கும் சீட்டுப் போடுங்க” என்று அவர் அந்தக் கட்டிலுக்குத் தாவினார். முதல் ஆட்டத்திலேயே சுண்டு ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டான்.