ரோட்டின் கடனுக்கு ஒரு ஓட்டு

மாலை ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிகிறது. மூன்றே முக்காலுக்கு செஞ்சி மார்க்கெட் கமிட்டி வாசலில் ஸ்கூட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் தலைவலி என்று சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

ஓட்டு என்றால் தேர்தல் ஓட்டு இல்லை. எங்கள் நிலத்தில் ஒரு துண்டு ரோட்டுக்குப் போனபோது வந்த நஷ்டஈட்டை நைனா, என் அப்பா, பேங்கில் போட்டு வைத்திருந்தார். நிலத்துக்கு வந்த பணம் நிலமாகவே மாற வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். நல்ல நிலம் அமையும் வரைக்கும் என்று கெஞ்சி, அந்தப் பணத்தை ஒரு டிரஸ்டில் போட வைத்தவள் நான். வேறு மாநிலங்களில் சுங்கச்சாவடி ரோடுகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அது. வசூலில் செலவும் கடன் தவணையும் போக, மீதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பங்குச்சந்தையில் அந்த யூனிட் தள்ளுபடியில் கிடைத்தது. நூறு ரூபாய் பெறும் ரோடு எண்பது ரூபாய்க்கு! கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

இரண்டு வருடமாகப் பணம் தவறாமல் வந்தது. இப்போது டிரஸ்ட் இன்னொரு ரோடு வாங்கக் கூடுதல் கடன் கேட்டது. இருக்கிற கடனே ரோடுகளின் மதிப்பில் ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் போக யூனிட் வைத்திருக்கும் எங்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். புது ரோடு வந்தால் வருமானம் கூடும், யூனிட் விலை ஏறும், விற்று நிலம் வாங்கிவிடலாம். ஆனால் கணக்கு நைனா பெயரில் இருந்தது. ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். அவரோ போனை எடுக்கவே இல்லை.

அவருக்கும் அன்றைக்கு ஒரு இக்கட்டு. கமிட்டிக் கொட்டகைக்குள் இடமில்லாமல், விற்கக் கொண்டுவந்த இருபது மூட்டை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வெளித்தளத்தில் இறக்கியிருந்தார். வியாபாரிகள் போட்ட விலை அவர் நினைத்ததைவிடக் குறைவு. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் ஏலத்துக்குக் காத்திருக்கலாம். ஆனால் கோட்டை மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. விலைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“நைனா, போனக் குடு. ஒரு நம்பர் வரும், அவ்ளோதான்.”

“இன்னாத்துக்கு?”

“அந்த ரோட்டு டிரஸ்ட்டுக்கு ஓட்டு போடணும். அஞ்சு மணிக்குள்ள.”

பக்கத்தில் தன் மூட்டைகள் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் சிரித்தார். “இன்னாண்ணா, ரோட்டுக்கெல்லாம் ஓட்டா? ஓட்டுக்கு எவ்ளோ தராங்களாம்?”

“கேக்குறான் பாரு. எவ்ளோ தராங்க?”

“தரமாட்டாங்க நைனா. கடன் வாங்கப் போறாங்க. அதுக்குத்தான் கேக்குறாங்க.”

கடன் என்ற சொல்லையே எடுத்திருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. நைனா போனைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

“யாரு கடன்?”

“டிரஸ்ட் கடன். நாம ஜாமீன் இல்ல. அவங்க கட்டலன்னா நம்ம வூட்டுக்கு ஆள் வராது.”

“ஆள் வராது. காசும் வராதுல்ல?”

மணி நாலு இருபது. வட்டி எத்தனை சதவீதம், எந்த வருடம் எந்தக் கடன் முடிகிறது என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

“கடன வாங்கி இன்னா பண்றாங்க?”

“இன்னொரு ரோடு. அகலப்படுத்துற ரோடு.”

“நெலம் எடுத்தாச்சா?”

எங்கள் நிலத்தை அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். எங்கள் வரப்பு வரை வந்த ரோடு அங்கேயே வருடக்கணக்கில் நின்று கிடந்தது. ரோடு என்றால் நைனாவுக்கு முதலில் வரும் கேள்வி அதுதான். டிரஸ்ட் அனுப்பிய அறிக்கையை மூன்று முறை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

என் போனில் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். திரையில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தேன், இன்னொன்று விழுந்தது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ஒரு பகுதி நிலம் இன்னும் கைக்கு வரவில்லை, வேலை முடிந்த பிறகே முழுச் சுங்கம் வசூலிக்க முடியும். கடனுக்கு வட்டி மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடும்.

“இன்னா போட்ருக்குது?”

எடுத்தாச்சு என்று சொல்லிவிடலாம். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஓட்டு ஜெயித்தால் விலை ஏறும் என்று அந்த நிமிடமும் ஒரு மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

“எல்லாம் எடுக்கல நைனா.”

“அப்ப?”

“வேணாம்னும் போடலாம்.”

“போடு.”

நைனா தன் போனைத் தூரமாகப் பிடித்து ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பாதியில் நெட்வொர்க் போனது. இரண்டாவது ஓடிபி வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ‘எதிர்ப்பு’ பதிவானது. கையோடு நைனா தன் சீட்டிலும் வேண்டாம் என்று எழுதினார்.

“ரெண்டுத்துக்குமா? மழ வருதுண்ணா!” என்றார் ஊர்க்காரர்.

“உன் தார்ப்பாய்ல பாதி குட்றா.”

மழை பத்துச் சொட்டோடு மேல்மலையனூர் பக்கம் போய்விட்டது. மறுநாள் மூட்டைக்குக் கூடக் கிடைத்த காசு, டீக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது.

ஓட்டில் நாங்கள் தோற்றோம். யூனிட்டுகளை அதிகமாக வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் மொத்தமாகச் சம்மதம் போட்டிருந்தன. அடுத்த நாட்களில் யூனிட் விலை ஏறவில்லை, வழுக்கியது. அடுத்த பங்குத்தொகை வரும் வரை இருக்கலாம் என்றேன். “வேணாம்னு சொன்ன கடன்ல நாம ஏன் குந்தினு இருக்கணும்?” என்றார். விற்றேன். போட்டதைவிடக் கொஞ்சம் குறைவு; இரண்டு வருடம் வந்ததைச் சேர்த்தால் கொஞ்சம் அதிகம்.

அடுத்த மாதமே சிங்கவரம் பக்கம் அரை ஏக்கர் விற்பனைக்கு வந்தது. சுற்றுவட்டார விலையைவிடக் குறைவு. விற்கிறவர் எங்கள் வீட்டுக்கே வந்து அட்வான்ஸ் கேட்டார். நைனா பணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். காலையிலேயே ஆன்லைனில் அந்த நிலத்தின் வில்லங்கச் சான்று எடுத்திருந்தேன். ஐந்து பக்கம். இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன்.

“பேங்க்ல இந்த நெலத்து மேல ஒரு கடன் நிக்குதே, அத எப்பக் கட்டுவீங்க?” என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். நைனாவின் கை பணத்தின் மேல் அப்படியே இருந்தது.