கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிற மனிதர்

அந்த யோசனை வந்தபோது என் கையில் ஒரு பை சூடை மீன் இருந்தது. மன்னார் மீன் சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் கூறுகிறவர் ஒரு பெரிய பாரை மீனைக் காட்டி, "என்ன சொல்லுறியள்?" என்று ஒரு வியாபாரியிடம் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். சந்தையே அந்த வியாபாரியைப் பார்த்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டினார், இருமினார், அங்குமிங்கும் பார்த்தார், கடைசியில் விலையைச் சொல்லித்தான் தப்பினார்.

இதுதான்! எங்கள் எம்.பி. இனிப் பேசவே கூடாது, கேட்க வேண்டும். நான் ஓடத் தொடங்கினேன். பஸ் நிலையம் வந்த பிறகுதான் மீன் பையைச் சந்தையிலேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போனால், ஒரு கழுதை பையின் காதைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. மீன் போனால் போகட்டும் என்று எம்.பி.யின் கந்தோருக்கு நடையைக் கட்டினேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவுக்கு வடக்கே, பெருநிலக் கரையில் இருக்கிறது. யுத்தம் முடிந்து சிலர் வன்னியிலிருந்து வந்தார்கள், எங்கள் குடும்பத்தைப் போலச் சிலர் தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தோம். ஊர் இருந்தது, கோயில் பாதிச் சுவரோடு இருந்தது, கடலும் இருந்தது. கோயிலடியிலிருந்து கடலுக்குப் போகிற பாதைதான் இல்லை. அதன் குறுக்கே ஒரு முகாமின் முட்கம்பி. படகுகளை அடுத்த வளைவில் கட்டிவிட்டு, எஞ்சினைத் தோளில் சுமந்து, கண்டல் சேற்றுக்குள்ளால் சுற்றி வரவேண்டும். மாரியில் அந்தச் சேறு இடுப்பைத் தொடும்.

நாங்கள் ஊர் திரும்பிய காலத்தில் எம்.பி. எங்கள் கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். அவர் விலையை ஏற்றிக் கத்துகிறவர் அல்லர். ஒருவரைப் பார்த்துக் கேட்பார். பிறகு சும்மா நிற்பார். அந்த அமைதியை யாராலும் தாங்க முடியாது. பிரதேச சபைக்கு வந்த பிறகும் அதே வேலைதான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் போய், "எங்கட ரோட்டு லைட் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவார். அதிகாரி சாப்பிடப் போய்த் திரும்பி வந்தாலும் அந்தக் கதிரையில் அவர்தான். எங்கள் தெருவுக்கு லைட் வந்தது. அவர் சபைத் தவிசாளர் ஆனார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'சேர்மன்'.

பாராளுமன்றத் தேர்தலில் கட்சி அவரைப் பட்டியலில் ஆள் நிரப்பத்தான் நிறுத்தியது. கரையோரச் சனமோ விருப்பு வாக்கை அவருக்கே அள்ளிப் போட்டது. முடிவு வந்த காலையில் யாரோ கோயில் மணியை அடிக்க, சாவு மணி என்று நினைத்து, "ஆர் மோசம் போனது?" என்று கேட்டபடி பங்குச் சுவாமி ஓடி வந்தார். அன்று கோயில் படியில் நின்று சேர்மன் சொன்னார்: "பாதை திறக்காட்டில், அடுத்தமுறை உங்களிட்ட வோட்டுக் கேட்டு வரமாட்டன்." எல்லாரும் கைதட்டினோம். அவர் மனைவி மட்டும் தட்டவில்லை.

பாராளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சைக் கேட்க மீனவர் சங்கக் கட்டடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. நன்றாகத்தான் தொடங்கினார். "எங்கட கோயிலில இருந்து எங்கட கடலுக்கு நாங்கள் எதால போறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கதோஷம், எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்து நின்றார்.

அங்கே பேச்சு நேரத்தில் யார் பதில் சொல்லப்போகிறார்கள்? அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து, தலைமை தாங்கியவர் நன்றி சொல்லி அடுத்த உறுப்பினரை அழைத்தார். மைக் அணைந்தது. சேர்மன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்கு வந்தபோது கரையில் விடுவார்களா?

"சேர்மன், கொழும்பில என்ன விலைக்குப் போச்சுது?"

"ஒருத்தனும் கேக்கயில்லையடா, ஐஸில வச்சிட்டு வந்தனான்" என்று அவரும் சிரித்தார். பிறகு கரைப்பக்கம் வருவதைக் குறைத்துவிட்டார். "பிள்ளை, மனுசனுக்குச் சோறு இறங்குதில்லை" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னா.

ஆகவேதான் அந்த ஓட்டம். படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த எனக்கு அவருடைய கந்தோரில் கடிதம் எழுதுகிற வேலை இருந்தது. யோசனை சொல்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

"சேர்மன், இனிமே பேசாதீங்க" என்றேன், மூச்சு வாங்க.

"பிள்ளைக்கு இந்தியாத் தமிழ் வருகுது. ஏதோ அவசரம்போல."

"அங்க கேள்வி நேரம் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் கேட்டா மந்திரி எழும்பிப் பதில் சொல்லோணும். அது முடிய, மேலதிகமாவும் கேக்கலாம்."

"கட்டாயம் சொல்லோணுமோ?"

"ஓம்."

"சொல்லுமட்டும் நான் பாத்துக்கொண்டு நிக்கலாமோ?"

"ஓம், சேர்மன்."

நல்ல மீன் கரையேறும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது வந்தது.

பாதை பற்றி நாங்கள் எழுதிக் கொடுத்த கேள்வி சபையில் முதல்தடவை எடுக்கப்பட்டபோது மந்திரி கால அவகாசம் கேட்டார். சங்கக் கட்டடத்தில் பெருமூச்சு. மறுபடி எடுக்கப்பட்ட நாளில் நான் கதிரையில் இருக்கவே இல்லை, கதவோடு ஒட்டி நின்றேன். மந்திரி சிங்களத்தில் வாசிக்க, மொழிபெயர்க்கும் பெண்ணின் குரல் தமிழில் சொன்னது: விடயம் பரிசீலிக்கப்படுகிறது.

சேர்மன் எழும்பினார். "பரிசீலிக்கிறது ஆர்?"

கேட்டுவிட்டு நின்றார். மந்திரி தாளைப் புரட்டினார். பின்னாலிருந்து ஒரு துண்டுத் தாள் வந்தது. "ஒரு குழு" என்றார்.

"அந்தக் குழு எங்கட ஊரை எப்ப வந்து பாத்தது?"

மறுபடி அந்த நிற்பு. கரையில் பார்த்த அதே முகம். "விடாத, விடாத" என்று எனக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மந்திரி தண்ணீர் குடித்தார். பிறகு, இன்னும் வந்து பார்க்கவில்லை என்றும், அடுத்த மாதம் உறுப்பினரோடு குழு நேரில் வரும் என்றும் சொன்னார். எங்கள் கட்டடத்தில் கதிரைகள் விழுந்தன. நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். யாரை என்று இன்றுவரை தெரியாது.

இப்போது குழு வரப்போகிறது. மாலை, மேடை ஒன்றும் வேண்டாம் என்று சேர்மன் சொல்லிவிட்டார். நேராக வேலியடி. "இதால நாங்கள் எப்ப போகலாம்?" என்று அவர் கேட்பார். பதில் வரும்வரை ஊர் முழுவதும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் கிணற்றைப் பற்றியோ கூரையைப் பற்றியோ தொடங்கினாலும் போதும், அதிகாரிகள் அதைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஞாயிறு பூசை முடிய ஒத்திகை பார்த்தோம். நான்தான் அதிகாரி. சேர்மன் கேட்டார். சனம் கல்லாக நின்றது. நான் வானத்தைப் பார்த்து, "இஞ்ச நல்ல காத்து" என்றேன்.

"ஓம் ஐயா, கச்சான் காத்து" என்றார் படகுகள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார். உடனே ஒருவர் கிணற்றைத் தொடங்கினார்.

எல்லாரும் சிரித்தோம். சேர்மன் சிரிக்கவில்லை. "திருப்பி" என்றார்.

இரண்டாம் முறை நானே தவிக்கும் அளவுக்கு அமைதி நீண்டது. உண்மையில் பதில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. வென்றோம் என்று நினைத்த நேரத்தில் சேர்மனின் மனைவி இரக்கப்பட்டுவிட்டா: "பாவம், பிள்ளை எவ்வளவு நேரம் வெயிலுக்க நிக்குது. அதுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ."

எங்கள் ஊரின் பலவீனம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. வந்தவர் தவித்தால் எங்களுக்குத் தாங்காது.

நாளைப் பின்னேரம், படகுகள் வந்த கையோடு, மறுபடியும் வேலியடியில் கூடுகிறோம். இந்தமுறை அதிகாரியாக நிற்கப்போவது சேர்மனின் மனைவிதான். தேத்தண்ணிப் போத்தல் கோயில் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். திறப்பு என்னிடம்.