நாலு பொட்டலம் மிளகாய்ப் பொடி

மதுரையில் என் அலுவலக அலமாரியில், சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. உள்ளே மிளகாய்ப் பொடி. ஜூனியர்கள் தும்மிக்கொண்டே அதை வெளியே கொண்டுபோய் வைப்பார்கள். நான் திரும்ப எடுத்து வந்து வைப்பேன். ஒவ்வொரு மாசியிலும் தூத்துக்குடி பஸ் கண்டக்டர் கையில் புது டப்பா வந்துவிடும். பழையதைக் கழுவித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வருடம் வந்ததில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருடம் கழித்தும் ஒரு மனிதர் மேல் இவ்வளவு கோபப்பட முடியுமா என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் தொழில் செய்துகொண்டிருந்தேன். கலப்படம், எடை குறைவு, உரிமம் இல்லாத கிடங்கு என்று வியாபாரிகள் மேல் அரசு போடும் வழக்குகள்தான் என் பிழைப்பு. பந்தல்குடி மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருநாள் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் நோட்டீஸ். அவர் கடை மிளகாய்ப் பொடியில் அரிசி மாவு கலந்திருக்கிறது என்று ஆய்வகம் சொல்லியிருந்தது. வழக்கில் தோற்றால் அபராதத்தோடு போகாது, கடை உரிமமும் போய்விடும். அவருடைய அப்பா ஆரம்பித்த கடை அது.

“கலந்தீர்களா?” என்று கேட்டேன். “எங்க வீட்ல எப்பவும் கலக்குறதுதாம்மா” என்றார். எனக்குத் தலை சுற்றியது. அரை மணி நேரம் துருவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வந்து “மிளகாய்ப் பொடி சாம்பிள் வேணும்” என்றிருக்கிறார். கடை வாசலில் சாக்கு திறந்து கிடந்தது, லாரிப் புழுதி அதன் மேல் படிந்திருந்தது. பெரிய மனிதர் கேட்கிறார், புழுதிச் சாக்கில் அள்ளிக் கொடுப்பதா என்று, அண்ணாச்சி பின்கட்டுக்கு ஓடிச் சமையலறை டப்பாவை எடுத்து வந்துவிட்டார். வீட்டுக்கென்று அவர் மனைவி அரைத்த பொடி அது. குழம்பு கெட்டியாக வர ஒரு கைப்பிடி அரிசியை வறுத்துப் போட்டு அரைப்பது அந்த வீட்டு வழக்கம். சாம்பிள் என்றால் அதிகாரி தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கிறார் என்றே அவர் நினைத்திருக்கிறார். முன்னால் வந்தவர்கள் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்கள்.

“நாலு பொட்டலமாகக் கட்டி அரக்கு வைத்தாரே, அப்போதாவது உங்களுக்குப் புரியவில்லையா?”

“நாலு வீட்டுக்குக் குடுப்பாகன்னு நெனச்சேம்மா.”

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டிருந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் காப்பியும் கொடுத்து உபசரித்துச் செய்திருந்தார்.

ஆனாலும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். சாக்கிலிருந்த பொடியை நானே வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சுத்தமான மிளகாய் வற்றல் என்று அறிக்கை வந்தது. விற்பனைச் சரக்கிலிருந்து எடுத்ததாக அதிகாரி எழுதியிருந்ததோ பொய். “வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்தது, விற்பனைக்கு அல்ல” என்று ஒரே ஒரு வாக்கியம் அண்ணாச்சி சொன்னால் வழக்கு முடிந்துவிடும். அவர் சொல்ல மாட்டேன் என்றார்.

“நான் குடுத்ததத்தான அவுக வாங்குனாக? இப்ப நான் மாத்திச் சொன்னா அவுக வேலைக்கு ஆபத்தும்மா. பிள்ளகுட்டிக்காரவுக.”

நான் கத்தினேன். கெஞ்சினேன். அவர் மனைவியைக் கூட்டிவரச் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள், “அவுக சொல்றதும் சரிதான?” என்றார். கடைசியில், “நீங்கள் எதுவுமே பேச வேண்டாம், சிவனே என்று நில்லுங்கள், அதிகாரி வாயாலேயே உண்மையை வாங்குகிறேன்” என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனேன்.

அன்று என் குறுக்கு விசாரணை நன்றாகவே போனது. சாக்கு கடையில் எந்தப் பக்கம் இருந்தது, எதைக் கொண்டு அள்ளினீர்கள், அள்ளிக் கொடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அதிகாரிக்கு வியர்த்தது. ஒருமுறை தராசுத் தட்டால் அள்ளியதாகச் சொன்னார், அடுத்த முறை கரண்டி என்றார். இன்னும் இரண்டே கேள்வி. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சாரு சொல்றது சரிதாங்கய்யா. சாக்குலருந்துதான் எடுத்தாக. அவுகளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க, பாவம்.”

கையிலிருந்த வழக்குக் கட்டை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அபராதம் விதித்தார்கள், சில வாரங்களில் உரிமமும் ரத்தானது. கலப்படக்காரர் என்று ஊரில் பெயரானது. அண்ணாச்சி பாளையம்பட்டியில் ஒரு வற்றல் மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான் போய் வருகிறார்.

எனக்கு மதுரையில் தொழில் பெருகியது. இப்போது வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள். “தெரியாது, நினைவில்லை, வக்கீலைக் கேளுங்கள்” என்று நான் சொல்லிக் கொடுத்தபடி வரி பிசகாமல் சொல்வார்கள். எண்ணெயில் என்ன கலந்தோம் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவருக்குக்கூட விடுதலை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சொன்னபடி கேட்டவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். என்னிடம் வந்தவர்களில் ஒரு தப்பும் செய்யாதவர் என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது, அவர் மேலும் என் மேலும்.

இந்த மாசியில் வந்த டப்பாவின் மூடியில் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. அண்ணாச்சியின் கோணல் எழுத்து. “வத்தல், உப்பு, வறுத்த அரிசி ஒரு கைப்பிடி” என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டு இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: “வீட்டு உபயோகத்துக்கு மட்டும். விற்பனைக்கு அல்ல.”

உடனே போன் போட்டுத் திட்டினேன். “இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் உங்கள் கடை இன்றைக்கும் இருந்திருக்குமே, அண்ணாச்சி!”

“அந்தச் சாரு போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாகம்மா” என்றார். “இனிமே எழுதலாம்ல?”