கட்டிலில் கட்டிய கை

காஸ் துணியை நான்காக மடித்து, நோயாளியின் மணிக்கட்டில் சுற்றி, கட்டில் கம்பியில் முடிச்சுப் போட வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விடவேண்டும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று அந்த இடைவெளியைச் சரியாகவே விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் ஆத்திரமாக வருகிறது.

2014 வாக்கில், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். அன்று நான் கட்டிய நோயாளி, சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பெல்ட்காரர் என்றே சொல்வோம். நிமோனியா முற்றி, வாயில் குழாய் வைத்திருந்ததால் பேச்சு கிடையாது. இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஏசி குளிருக்காக அதன்மேல் போர்வை. காலையிலிருந்து அவர் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே இருந்தார். "குழாயப் பிடுங்கிடப் போறார், கையைக் கட்டுங்க" என்றார் டூட்டி டாக்டர். கட்டினேன். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டிலும் எழுதினேன். பெரிய அதிகாரியாக இருந்திருந்தால் கட்டுவதற்கு முன் நான்கு பேர் குனிந்து என்ன வேண்டுமென்று கேட்டிருப்போம்.

கட்டிய பிறகும் மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. மாலையில் பார்வையாளர் நேரத்தில் வந்த அவர் மனைவி, பார்த்தவுடனே பதறிவிட்டார். "நிறுத்துன்னு சொல்றாருங்க! பெல்ட்டாண்ட சத்தத்துல ஒண்ணும் காதுல வுழாது, கையாலதான் சொல்லிக்குவாங்க. வூட்லயும் இதே மாதிரிதான். எதையோ நிறுத்தச் சொல்றாரு, பாருங்க!"

போர்வையை விலக்கினேன். மருந்து நரம்பை விட்டு வெளியேறி, இடது கை புறங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. அதைத்தான் அந்த மனிதர் நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார், தனக்குத் தெரிந்த மொழியில், தெளிவாக. நாங்கள் அந்த மொழியையே கட்டிப்போட்டிருந்தோம்.

அவர் மனைவியிடம் கேட்டு, தண்ணீர், வலி, நிறுத்து என்று ஒவ்வொரு சைகையையும் குளுக்கோஸ் அட்டைப்பெட்டியில் வரைந்து தலைமாட்டுச் சுவரில் மாட்டினேன். சுவர் அசிங்கமாகிறது என்று நிர்வாகம் மறுநாளே கழற்றிப் போட்டது. சுவர்மேல் இருந்த அக்கறை!

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை விரல்கள் மடங்கவில்லை. பெல்ட் வேலையும் போயிற்று. இப்போது நான் வேறு மருத்துவமனையில் சீனியர். போன வாரம் ஒரு புதுப்பெண் காஸ் துணியை மடித்துக்கொண்டே, "கட்டிடட்டுமாக்கா?" என்றாள். பிடுங்கி வைத்துவிட்டு, "மொதல்ல அவர் என்ன சொல்றார்னு கேளு" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுவிட்டாள். பெல்ட்காரர் என்னிடம் கத்தவில்லை. டிஸ்சார்ஜ் ஆனபின் அந்தக் கைப்புண்ணுக்குக் கட்டுப்போட வந்த அன்று, கரகரத்த குரலில் இவ்வளவுதான் சொன்னார்:

"நான் சொல்லிக்கினேதான் இருந்தேங்க, சிஸ்டர்."