முழத்துக்கு ஒரு சிவப்புத் துணி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எண்பது மீட்டர் கயிற்றில் சிவப்புத் துணிப் பட்டைகள் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் மெஷினில் இருந்தாள். நான் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். பட்டைக்குப் பட்டை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி. அதற்கு மேல் போனால் ஓநாய் நடுவில் புகுந்துவிடும்.

நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். லேசர் அளவுமானி எப்போதும் பையில் இருக்கும். அதை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். அம்மா முழங்கையைக் கயிற்றோடு வைத்து, நடுவிரல் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"நாற்பத்திரண்டுதான் வருதும்மா."

"ஓநாய்க்கு மூணு சென்டிமீட்டர் நஷ்டமா? கேஸ் போடச் சொல்லு."

"கை ஆளுக்கு ஆள் மாறும். இது மாறாது."

"மாறாது. பேட்டரி போனா வாயும் திறக்காது. என் கைக்கு பேட்டரி வேணாம்டி."

பன்னிரண்டாவது பட்டையில் பேட்டரி தீர்ந்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மீதி நூற்று எழுபத்தெட்டுப் பட்டைகளும் அவள் முழத்தில்தான் போயின.

அம்மா தையல்காரி. பள்ளிச் சீருடை, தலையணை உறை, ஜிப் மாற்றுவது. முப்பத்தொரு வருடம் ஒரே கடை, ஒரே மெஷின். வாசல் கதவின் உட்புறத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதில்தான் வேலைகளை சாக்பீஸால் எழுதுவாள். முடிந்ததை விரலால் அழிப்பாள். காட்டு விலங்குகளைப் பற்றி அவளுக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை.

ஏழு வருடம் முன்பு ஒரு பெண் கடைக்கு வந்தாள். வனவிலங்குத் துறை. அம்மா அன்றே அவளுக்கு "ஓநாய் ஆபீசர்" என்று பெயர் வைத்துவிட்டாள். கயிற்றில் வரிசையாகத் துணி தைத்துத் தர வேண்டும் என்றாள் ஆபீசர். ஆட்டுப்பட்டியைச் சுற்றிக் கட்டுவதற்கு. காற்றில் ஆடும் துணியைக் கண்டால் ஓநாய் கிட்ட வராது.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்," என்றாள் அம்மா. "கொடியில துணி ஆடிச்சுன்னா அந்தப் பக்கமே வர மாட்டார்."

அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

முதல் கயிற்றை அம்மா அழகாகத் தைத்தாள். பிரச்சினையே அதுதான். ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று பக்கமும் மடித்து ஓரம் அடித்தாள். மேலே சுருக்கு வைத்தாள். பார்த்தவர்கள் ஜன்னல் திரை என்று நினைத்தார்கள். கட்டி ஆறாம் நாள் பட்டிக்குள் ஓநாய் புகுந்து இரண்டு ஆட்டுக்குட்டிகள் போயின.

ஆபீசர் தகவல் சொன்னதும் அம்மா கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். ஒன்றரை மணி நேரப் பயணம். பட்டிக்காரரை அன்றுதான் முதலில் பார்த்தாள். எண்ணெய் காய்வதற்குள் வெடிக்கிற ஆள். ஊரில் அவருக்குப் பெயரே கடுகு.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை கேட்டிருக்கேன்," என்றார் கடுகு. "ஓநாய்க்காக அழற தையக்காரியை இப்பத்தான் பாக்கறேன்."

"நான் ஓநாய்க்கு அழ வரலண்ணே. என் தையல் எங்க தப்பாச்சுன்னு பாக்க வந்தேன்."

அது உண்மை. காட்டைக் காப்பாற்ற அவள் போகவில்லை. கொடுத்த உடுப்பு ஆளுக்குப் பொருந்தவில்லை என்றால் விடமாட்டாள். அந்தக் குணம்தான் அவளை பஸ் ஏற்றியது.

கயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தாள். ஓரம் அடித்ததால் துணி கனம். இலேசான காற்றுக்கு அசையவில்லை. பெரிய காற்றுக்குச் சுருட்டிக்கொண்டு கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. தப்பு அவளுடையது.

கடுகு ஒரு தகர டப்பாவைக் காட்டினார். விஷம். செத்த குட்டியின் மேல் தடவி மேட்டில் வைத்தால் போதும். மேட்டுப் புதரில் ஒரு ஓநாய் ஜோடி, நான்கு குட்டிகள். ஆபீசர் எண்ணிவைத்திருந்தாள்.

"ராத்திரிக்கு வச்சிடுவேன்."

"உங்க நாயும் அதைத் தின்னுமே அண்ணே."

கடுகு கீழே பார்த்தார். நாய் அவர் காலடியில் படுத்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

"சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணித் தரேன். அப்புறமும் ஒரு குட்டி போச்சுன்னா, நானே வந்து மூடியைத் திறந்து தரேன்."

பட்டி வாசலில் பிளேடும் கையுமாக உட்கார்ந்து நூற்றுத் தொண்ணூறு பட்டைகளின் ஓரத்தையும் சுருக்கையும் பிரித்தாள். நான் சின்ன வயதில் கைக்குட்டைக்கு ஓரம் அடிக்காமல் விட்டதற்கு ஸ்கேலால் அடித்தவள் இவள். நூல் தொங்கத் தொங்க, பிசிறும் கிழிசலுமாகக் கயிற்றைக் கட்டினாள். "அவமானமா இருந்துச்சுடி," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். "நல்லவேளை, கடை பேரு எழுதல."

அந்தப் பருவம் முடியும்வரை ஒரு குட்டியும் போகவில்லை.

ஒரு விஷயம் உண்டு. ஓநாய் முட்டாள் இல்லை. இரண்டு மாதம் பார்த்தால் துணி வெறும் துணிதான் என்று கண்டுபிடித்துவிடும். ஒரு முறை கண்டுபிடித்தால் அப்புறம் எந்தக் கயிறும் உதவாது. அதனால் அறுபதாம் நாள் கயிறு இறங்கியே ஆக வேண்டும். அதற்குள் ஓநாய்க் குட்டிகள் நடக்கப் பழகி, குடும்பம் மேட்டைத் தாண்டிப் போய்விடும். கடுகும் ஆடுகளை மேல்பட்டிக்கு ஓட்டிவிடுவார், அங்கே கல் சுவர் இருக்கிறது.

இரண்டாம் வருடம் அறுபதாம் நாள் கடுகு டப்பாவை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். "வச்சுக்க தங்கச்சி. என் கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது." அம்மா அதை டேப் சுற்றி, பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். ஆபீசரிடம் ஒப்படைக்கச் சொன்னேன். "நம்பிக் கொடுத்ததை ஆபீஸ்ல கொடுக்கறதா?" என்றாள். பாதுகாப்பு விதிமுறைப்படி இது தவறு. அதையும் சொன்னேன். "பொத்தானைத் திங்க யாரும் வர மாட்டாங்க," என்றாள்.

வருடா வருடம் அவளே கட்டினாள், அவளே அவிழ்த்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, எந்த வாடையும் ஓநாய் மூக்குக்குப் படாதபடி துவைத்து, கொடியில் காயப்போட்டு, சுருட்டி வைத்தாள். எண்பது மீட்டர் சிவப்பு மாடி முழுக்க ஆடும்போது அப்பா மாடிப்படியில்கூடக் கால் வைக்க மாட்டார். ஆபீசர் பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் யாருடைய சட்டைக்கோ அளவு எழுதியிருக்கிறது.

இந்த வருடம் பழைய கயிறு இற்றுப்போய்விட்டது. புதிது தைத்தோம். வியாழக்கிழமை போய்க் கட்டினாள். நாற்பத்தோராம் நாள் பகல் பதினொன்றரைக்கு மெஷினில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். இதயம். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நின்றிருந்தது. அதை நான் இன்னும் தூக்கவில்லை.

அன்று காலையில் அவள் துவைத்துப் போட்ட வீட்டுத் துணிகளும் மாடிக் கொடியிலேயே இருந்தன. நானும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. இரண்டு மழை பெய்துவிட்டது.

நேற்று அவளுடைய போன் அடித்தது. கடுகு.

"அம்மாடி, கயிறு இன்னும் கட்டினபடியே இருக்கும்மா."

விரல் விட்டு எண்ணினேன். அறுபத்து நாலாம் நாள்.

"ஏன் மாமா அவிழ்க்கல? ஆடுங்களை மேல ஓட்டியாச்சில்ல?"

"ஓட்டியாச்சு. ஆனா அது அவ கட்டினது. காத்துல ஆடும்போது அங்க யாரோ வேலை பாக்கற மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்குப் பட்டப்பகல்லயே அந்தப் பொட்டை ஓநாய் வந்துச்சு. காலிப் பட்டியில அதுக்கு என்ன வேலை? ஒரு துணியை மோந்து பாத்துச்சு. மூக்கால தள்ளிச்சு. ஒண்ணும் ஆகல. அப்புறம் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாரு, 'இவ்வளவுதானா'ங்கற மாதிரி."

"எத்தனை துணி தொட்டுச்சு?"

"ஒண்ணுதான். கத்தினேன், ஓடிடுச்சு. நாளைக்கு நாலு தொடும்."

"உடனே அவிழ்த்துடுங்க மாமா."

"அவ முடிச்சு என் கைக்கு வரலம்மா. மூணு தடவை பாத்துட்டேன். அறுக்கலாம். அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாத." பேச்சை மாற்றினார். "டப்பா பத்திரமா இருக்கா?"

"பொத்தானுக்குப் பின்னாடிதான் இருக்கு."

"இருக்கட்டும். ஆனா அடுத்த வருஷம் கயிறு ஏமாத்திடுச்சுன்னா நான் கேட்டு வருவேன். உங்கம்மா கொடுத்த வாக்கு அது."

"அதுக்கு வேலை வராது மாமா. நாளைக்குக் காலையில வரேன்."

போனை வைத்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து மாடிக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து, மழையில் விறைத்துப்போன துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மடிக்கத் தெரியவில்லை. நாற்காலியில் குவித்துவைத்துவிட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஆறரை."

"எண்பது மீட்டரை நீ ஒருத்தியே எப்படிச் சுருட்டுவே?"

முடிச்சு எனக்குத் தெரியும். கயிறு தொடர்பாக நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் போய்க் கடையைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் அவள் எழுத்து. கால்சட்டை இரண்டு, ஜிப் ஒன்று. அவற்றை அழித்திருந்தாள், தடம் மட்டும் தெரிந்தது. கீழே அழிக்காத இரண்டு வரிகள்:

அறுபதாம் நாள் — கயிறு அவிழ்க்க, துவைக்க.

வாசனை இல்லாத சோப்பு வாங்கணும்.